டாப்ளர் பின்சிதறல் கருவி: வேகத்துக்கு முழு மதிப்பெண், வீச்சுக்கு நிபந்தனையோடு

டோகமாக் என்ற வளையவடிவ அணுக்கரு இணைவு ஆய்வுக் கருவியில் காந்தப்புலம் அடைத்துவைக்கும் பிளாஸ்மாவின் கொந்தளிப்பை மைக்ரோவேவ் கொண்டு அளக்க ஒரு கருவி வேண்டும் என்று பேச்சு எழுந்தாலே, இப்போதெல்லாம் முதலில் வரும் பெயர் டாப்ளர் பின்சிதறல். டிபிஎஸ் என்று சுருக்கிச் சொல்வார்கள். ஐரோப்பியக் கூடங்களில் டாப்ளர் ரிஃப்ளெக்டோமெட்ரி என்பார்கள். இங்கே மதிப்பிடுவது அதன் பல சேனல் வடிவத்தை. லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குழு 2010-இல் சான் டியாகோவின் டி-3-டி டோகமாக்குக்காக வெளியிட்ட 8 சேனல் வடிவமைப்பு இந்த வகைக்கு முன்மாதிரி. சுமார் 2.5 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எட்டு அதிர்வெண்கள் ஒரே ஆன்டெனா வழியாக ஒரே நேரத்தில் போய்த் திரும்புகின்றன. பிறகு இங்கிலாந்தின் கல்ஹம் கூடத்தில், பந்து போன்ற வடிவமுள்ள கோள டோகமாக்கான மாஸ்ட் கருவியில் 30–50, 55–75 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு பட்டைகளில் 16 சேனலாக அதே வழி விரிந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிளாஸ்மா எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதற்கு இந்தக் கருவியை நம்பலாம். கொந்தளிப்பு ஏறியதா இறங்கியதா என்பதற்கும் கவனத்தோடு நம்பலாம். அடர்த்தி ஏற்ற இறக்கம் எத்தனை சதவீதம் என்று கேட்டால் இது தனியாகப் பதில் சொல்லாது. அந்தப் பதிலுக்காக இதை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். பிளாஸ்மாவில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஒரு கட்-ஆஃப் அடுக்கு உண்டு. அதற்கு மேல் அலை உள்ளே போகாது. ஓ-மோடில், அதாவது அலையின் மின்புலம் பிளாஸ்மாவின் காந்தப்புலத்துக்கு இணையாக இருக்கும்போது, 50 கிகாஹெர்ட்ஸ் அலை ஒரு கன மீட்டருக்கு 3.1×10¹⁹ எலக்ட்ரான் அடர்த்தியில் நிற்கும். 60 கிகாஹெர்ட்ஸ் 4.5×10¹⁹-இல், 75 கிகாஹெர்ட்ஸ் 7×10¹⁹-இல். அலையை நேராக அனுப்பினால் கண்ணாடியில் பட்டதுபோல் திரும்பிவரும். அது பழைய ரிஃப்ளெக்டோமெட்ரி. வேண்டுமென்றே சாய்த்து அனுப்பினால் கண்ணாடிப் பிரதிபலிப்பு வேறு பக்கம் போய்விடும். கட்-ஆஃப் அருகே உள்ள அடர்த்தி அலைகளில் பிராக் நிபந்தனைக்குப் பொருந்துகிறவை, அதாவது சிதறல்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடைவெளி உள்ளவை மட்டும் வந்த வழியே சிதறித் திரும்பும். அந்த அடர்த்தி அலைகளின் அலை எண், தட்டையான அடுக்குக்கு, 2k₀ பெருக்கல் சாய்வுக் கோணத்தின் சைன். k₀ என்பது அனுப்பும் அலையின் வெற்றிட அலை எண். 60 கிகாஹெர்ட்ஸுக்கு k₀ = 12.57 செ.மீ.⁻¹. 10 பாகை சாய்த்தால் 4.36 செ.மீ.⁻¹ கிடைக்கும்.

அந்த அலைகள் ஓடினால் திரும்பும் சிக்னலில் டாப்ளர் நகர்வு தெரியும். அலை எண் 5 செ.மீ.⁻¹, வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர் என்றால் நகர்வு சுமார் 400 கிலோஹெர்ட்ஸ். இது அளப்பதற்கு மிகவும் வசதியான இடம். இரைச்சலின் கீழ்முனையிலிருந்து தள்ளியிருக்கிறது, சாதாரண டிஜிட்டைசர் எட்டும் தூரத்திலும் இருக்கிறது. பழைய ரிஃப்ளெக்டோமெட்ரியில் ஆன்டெனா சற்றுக் கோணல் ஆனாலே சிக்னலின் கட்டம் (phase) ஒரே பக்கமாக ஓடிக்கொண்டே போகும். அதைத் தொல்லை என்றே எல்லோரும் பார்த்தார்கள். ஜெர்மனியின் கார்ஹிங்கில் இருந்த டபிள்யூ7-ஏஎஸ் ஸ்டெல்லரேட்டரில் (டோகமாக்கின் உறவுக் கருவி) ஹிர்ஷும் கூட்டாளிகளும் அந்தத் தொல்லையையே அளவீடாக மாற்றி 2001-இல் முறையாக எழுதினார்கள். இந்தத் துறையில் நடந்த மிக அழகான திருப்பங்களில் அது ஒன்று.

ஆன்டெனா: பணம் போக வேண்டிய இடம்

கருவி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது மின்னணுப் பெட்டி அல்ல, ஆன்டெனா அனுப்பும் மைக்ரோவேவ் கற்றைதான். கொட்டேஷனில் சேனல் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டு, கற்றையின் ஆரத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதை முதலில் கேளுங்கள்.

காரணம் இது. கருவி ஒரே ஒரு அலை எண்ணைப் பார்ப்பதில்லை. ஒரு பட்டையைப் பார்க்கிறது. அந்தப் பட்டையின் அகலம் ஏறத்தாழ (2√2/w)√(1+(w²k₀/ρ)²). இதில் w என்பது கட்-ஆஃபில் கற்றையின் ஆரம். ρ என்பது பிளாஸ்மா அடுக்கின் வளைவையும் அலைமுகப்பின் வளைவையும் சேர்த்த வளைவு ஆரம். ρ 50 செ.மீ., அதிர்வெண் 60 கிகாஹெர்ட்ஸ் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆரம் 1 செ.மீ. என்றால் அகலம் 2.9 செ.மீ.⁻¹. 2 செ.மீ. என்றால் 2.0. 3 செ.மீ. என்றால் மறுபடி 2.3. கற்றை குறுகினால் விரிந்துபோகிறது, பெருத்தால் வளைந்த அடுக்கின் வெவ்வேறு இடங்களை வெவ்வேறு கோணத்தில் தொடுகிறது. மிகச் சிறந்த ஆரம் √(ρ/k₀). அதாவது இங்கே 2 செ.மீ. அதற்கு மேல் எவ்வளவு செலவு செய்தாலும் அந்த வளைவில் இதைவிடக் கூர்மை கிடைக்காது. "பெரிய ஆன்டெனா, நல்ல தெளிவு" என்ற விளம்பர வாசகம் இந்தக் கருவிக்குப் பொருந்தாது.

2 செ.மீ. கற்றையைக் கட்-ஆஃபில் உண்டாக்குவதும் லேசான வேலை இல்லை. 5 மி.மீ. அலைநீளத்தில் அந்தக் கற்றை 25 செ.மீ. தூரம்தான் விரியாமல் இருக்கும். கற்றையைக் குவித்துத் திருப்பும் கண்ணாடியிலிருந்து கட்-ஆஃப் 80 செ.மீ. தள்ளி இருந்தால், கண்ணாடியின் மேல் கற்றையின் ஆரம் 6.7 செ.மீ. ஆகிவிடும். ஓரத்தில் வெட்டுப்படாமல் இருக்கக் கண்ணாடியின் விட்டம் அந்த ஆரத்தின் மூன்று மடங்காவது வேண்டும், 20 செ.மீ. உங்கள் போர்ட் (வெற்றிடக் கலனின் திறப்பு) அந்த அகலத்துக்கு இடம் தருமா என்பதை வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டும்.

சைடு லோப், அதாவது முதன்மைக் கற்றைக்கு வெளியே பக்கவாட்டில் கசியும் கிளை, என்ற விஷயத்தில் இந்த வடிவமைப்புக்கு ஓர் இயல்பான நன்மை உண்டு. கொந்தளிப்பின் நிறமாலை அலை எண் ஏற ஏறச் சரிகிறது. சரிவு k-இன் மைனஸ் நான்காம் அடுக்கு என்று வைத்துக்கொண்டால், அலை எண் 2-இல் உள்ள திறன் 10-இல் உள்ளதைவிட 625 மடங்கு, அதாவது 28 டெசிபெல் அதிகம். ஆகவே 10-ஐப் பார்க்கிற ஆன்டெனாவின் ஒரு பக்கக் கிளை 2-ஐப் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கிருந்து வரும் சிக்னல் உண்மையானதை மூழ்கடித்துவிடும். அனுப்புவதும் வாங்குவதும் ஒரே ஆன்டெனா என்பதால் கிளையின் தணிவு இருமுறை கிடைக்கிறது. உட்சுவரில் நெளிவுள்ள ஹார்னில் (கூம்பு வாய் ஆன்டெனாவில்) ஒருவழித் தணிவு 25 டெசிபெல் இருந்தால் இருவழியில் 50, பிரச்சினை இல்லை. சாதாரணச் செவ்வக ஹார்னில் ஒருவழி 14 டெசிபெல்தான் என்றால் இருவழியில் 28. அதாவது நிறமாலையின் உயர் முனையில் பாதி சிக்னல் பொய். நெளிவு ஹார்னுக்குத் தயங்காமல் பணம் கொடுக்கலாம்.

கோணத்துக்கும் கீழ் எல்லை உண்டு. 2 செ.மீ. கற்றையின் விரிவுக் கோணம் 4.6 பாகை. சாய்வு 7 பாகைக்குக் கீழே போனால் கண்ணாடிப் பிரதிபலிப்பின் ஓரம் ஆன்டெனாவுக்குள் நுழைந்து, சுழி ஹெர்ட்ஸில் ஒரு பெரிய முகடாக உட்கார்ந்துவிடும். டாப்ளர் முகடு அதன் தோளில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பொருத்தம் போடும் நிரல் இரண்டுக்கும் நடுவில் ஒரு பொய்யான வேகத்தைத் தரும். அதனால் 60 கிகாஹெர்ட்ஸில் இந்தக் கருவி 3 செ.மீ.⁻¹-க்குக் கீழே எதையும் நம்பகமாகப் பார்க்காது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 2 டெஸ்லா, 1 கிலோ எலக்ட்ரான்வோல்ட் டியூட்டீரியம் பிளாஸ்மாவில் ஒலிவேகச் சுழற்சி ஆரம் ρₛ 0.23 செ.மீ. அயனி வெப்பச் சரிவு அலைகள் வலுவாக இருக்கும் kρₛ 0.2 முதல் 0.5 வரையிலான பகுதி, 1 முதல் 2 செ.மீ.⁻¹-க்குள் விழுகிறது, அது இதன் கண்ணுக்குக் கீழே. இது நடுத்தர அளவுச் சுழல்களைப் பார்க்கும் கருவி. வெப்பத்தைப் பெருமளவு சுமந்து செல்கிற பெரிய சுழல்களை இது பார்ப்பதில்லை என்பதை வாங்குகிற நாளிலேயே மனதில் வைக்க வேண்டும்.

ஜன்னல்

வெற்றிட ஜன்னலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாதிக் கோளாறு அங்கேதான் பிறக்கிறது. குவார்ட்ஸின் ஒளிவிலகல் எண் 1.95. ஒவ்வொரு பக்கமும் 10 சதவீதம் திறனைத் திருப்பி அனுப்பும். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒத்திசைவு கெட்ட அதிர்வெண்ணில் 34 சதவீதம் வரை திரும்பும், ஒருவழியில் 1.8 டெசிபெல், போய்வர 3.6 டெசிபெல் இழப்பு. 10 மி.மீ. தடிமன் ஜன்னலில் இந்த ஏற்ற இறக்கம் 7.7 கிகாஹெர்ட்ஸுக்கு ஒருமுறை வரும். 2.5 கிகாஹெர்ட்ஸ் இடைவெளியில் எட்டுச் சேனல் வைத்தால் சில முகட்டிலும் சில பள்ளத்திலும் விழும். இதைத் திருத்தாமல் சேனல்களுக்கிடையே வீச்சை ஒப்பிட்டு "உள்ளே போகப் போகக் கொந்தளிப்பு குறைகிறது" என்று வரைபடம் போட்டால், அது பிளாஸ்மாவின் வரைபடம் அல்ல, ஜன்னலின் வரைபடம்.

திரும்பி வரும் அந்தத் திறன் இன்னொரு கெடுதலும் செய்கிறது. பிளாஸ்மாவிலிருந்து வரும் பின்சிதறல் மிகச் சிறியது. ஜன்னலிலிருந்து வருவது மிகப் பெரியது. பெரியது, சிக்னலை ஒப்பீட்டு அலையோடு கலக்கும் மிக்ஸருக்குள் நிலையான வோல்டேஜாக உட்கார்ந்து பெருக்கியின் எல்லையைத் தின்றுவிடும். கூடவே மூலத்தின் கட்ட இரைச்சலையும் கொண்டுவரும். அந்த ஒப்பீட்டு அலையும் (உள்ளூர் அலை) சிக்னலும் ஒரே மூலத்திலிருந்து வருவதால் கட்ட இரைச்சல் தானாகவே கழிந்துபோகும் என்பார்கள். பாதை நீளம் சமமாக இருந்தால்தான் அது உண்மை. ஜன்னல் 10 மீட்டர் தள்ளி இருந்தால் போய்வரத் தாமதம் 67 நானோநொடி. 500 கிலோஹெர்ட்ஸ் தள்ளி உள்ள இரைச்சல் அப்போது 14 டெசிபெல் அளவுக்குத்தான் கழியும். மூலத்தின் அதிர்வெண்ணை 4 மடங்கு பெருக்குவதால் கட்ட இரைச்சல் ஏற்கெனவே 12 டெசிபெல் ஏறியிருக்கிறது. ஆகக் கழிந்ததில் கையில் நின்றது 2 டெசிபெல். தீர்வு இரண்டு. ஜன்னலைச் சில பாகை சாய்த்துப் பொருத்துங்கள். உள்ளூர் அலைக்கும் அதே நீளமுள்ள பாதை கொடுங்கள். இரண்டையும் முதல் வரைபடத்திலேயே கேட்டு வாங்க வேண்டும். நிறுவிய பிறகு ஜன்னலைச் சாய்க்க வெற்றிடத்தை உடைக்க வேண்டியிருக்கும்.

மின்னணுப் பெட்டி

இந்தப் பகுதி இன்று முதிர்ந்துவிட்டது. பெரிதாகக் குறை சொல்ல இல்லை. 12.5 முதல் 18.75 கிகாஹெர்ட்ஸ் மூலம், நான்கு மடங்குப் பெருக்கி, ஐசோலேட்டர், டைரக்ஷனல் கப்ளர், ஐ/க்யூ மிக்ஸர் என்று அடுக்கினால் 50–75 கிகாஹெர்ட்ஸ் வி-பேண்ட் வந்துவிடும். அலைவழி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டபிள்யூஆர்-15 குழாயின் உள் அளவு 3.76 × 1.88 மி.மீ.; மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு டெசிபெல் தின்னும். பத்து மீட்டர் ஓட்டினால் போய்வரக் குறைந்தது முப்பது டெசிபெல் போய்விடும். நீண்ட தூரத்துக்கு உட்புறம் நெளிவுள்ள அகலக் குழாய்தான் வழி. அதில் நேர் ஓட்டத்தின் இழப்பு கணக்கிலேயே வராது. வளைவுகளும் பொருத்தும் இடங்களும்தான் அங்கே இழப்பு.

ஐ/க்யூ சமநிலையைக் கவனிக்காமல் விடக் கூடாது. ஐ, க்யூ என்பவை ஒன்றுக்கொன்று 90 பாகை கட்டம் தள்ளிய இரண்டு வெளியீடுகள்; வேகத்தின் திசை தெரிவதே இந்த இரண்டால்தான். வீச்சில் 0.5 டெசிபெல், கட்டத்தில் 5 பாகை பிசகினால் எதிர்ப்பக்கத்தில் 25 டெசிபெல் கீழே ஒரு போலி முகடு தோன்றும். சிக்னல் சுத்தமாக இருந்தால் பரவாயில்லை. ஆனால் உண்மையிலேயே இரு திசையிலும் ஓட்டம் உள்ள விளிம்புப் பகுதியை ஆராய்கிறவர் போலியை நிஜம் என்று நம்பிவிடுவார். ஐ-யையும் க்யூ-வையும் ஒன்றுக்கொன்று எதிராக வரைந்து பாருங்கள்; வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம் வந்தால் நிரலில் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் தனித்தனியாகத் திருத்த வேண்டும்.

டிஜிட்டைசர் நொடிக்கு 1 கோடி மாதிரி, 14 பிட் இருந்தால் போதும். எட்டுச் சேனலுக்கு ஐ, க்யூ சேர்த்து 16 வழிகள். நொடிக்கு 320 மெகாபைட், 5 நொடி ஷாட்டுக்கு (ஒருமுறை பிளாஸ்மா ஓட்டத்துக்கு) 1.6 கிகாபைட். இன்றைய கணினிக்கு இது பாரமே இல்லை.

பிளாஸ்மாவைச் சூடாக்கும் மைக்ரோவேவ் மூலமான கைரோட்ரான் இருக்கும் கூடத்தில் மட்டும் பாதுகாப்பு முதலில், அளவீடு பிறகு. 1 மெகாவாட் கற்றையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு உங்கள் ஹார்னுக்குள் வந்தாலே 1 வாட். மிக்ஸர் தாங்குவது சில பத்து மில்லிவாட். டி-3-டி-யில் கைரோட்ரான் 110 கிகாஹெர்ட்ஸ் என்பதால் வி-பேண்ட் கருவிக்கு ஒரு தாழ்-அனுமதி வடிப்பான் போதும். டபிள்யூ-பேண்ட் (75–110 கிகாஹெர்ட்ஸ்) கருவியில் 110 பட்டையின் விளிம்பிலேயே இருக்கிறது. அந்த அதிர்வெண்ணை மட்டும் தடுக்கும் 60 டெசிபெல் நாட்ச் வடிப்பான் கட்டாயம். துடிப்பு தொடங்கும்போது கைரோட்ரானின் குழி சூடாகி விரிவதால் அதிர்வெண் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரை இறங்கும். நாட்ச் மிகக் குறுகலாக இருந்தால் மிக்ஸர் போவது அந்தத் தொடக்க நேரத்தில்தான்.

கையில் வரும் தரவு

நல்ல கற்றை, நல்ல ஜன்னல் இருந்தால் வேக அளவீடு வியக்க வைக்கும். பின்சிதறல் முகடு தெளிவாகத் தள்ளி நிற்கும். மையத்தைக் கண்டுபிடிப்பது எளிது. வேகம் = 2π × நகர்வு ÷ அலை எண். இதில் பிழை வருவது அலை எண்ணால்தான். கண்ணாடிக் கோணம் 1 பாகை தவறாகப் படிக்கப்பட்டால், 10 பாகைச் சாய்வில் அலை எண் 10 சதவீதம் தவறும். வேகமும் அதே அளவு தவறும். கண்ணாடியின் நிலையைத் தள்ளுகோலின் நீளத்திலிருந்து ஊகிக்காமல், வெற்றிடத்தை மூடுவதற்கு முன் ஒளிக்கற்றை வைத்து நேரில் அளந்து அட்டவணை போட்டுவைக்க வேண்டும்.

எங்கே அளக்கிறோம் என்ற கேள்விக்குக் கருவி பதில் சொல்லாது. அடர்த்திப் பரவலைத் தாம்சன் சிதறல் என்ற லேசர் அளவீட்டிலிருந்தோ வேறு ரிஃப்ளெக்டோமீட்டரிலிருந்தோ எடுத்து, ஜென்ரே, டார்பீம் போன்ற கதிர்ப்பாதை நிரலுக்குள் போட வேண்டும். பரவலில் 10 சதவீதப் பிழை இருந்தால், அடர்த்திச் சரிவு நீளம் 2 செ.மீ. ஆன பெடஸ்டல் பகுதியில் (விளிம்பை ஒட்டிய செங்குத்துச் சரிவில்) இடம் 2 மி.மீ. மட்டும் நகரும். சரிவு நீளம் 60 செ.மீ. ஆன மையப் பகுதியில் 6 செ.மீ. நகரும். அதனால்தான் இந்தக் கருவியின் மிகச் சிறந்த வேலைகள் விளிம்பிலிருந்து வந்தன. வெப்பத்தைக் குறைவாகத் தேக்கும் எல்-மோடிலிருந்து நன்றாகத் தேக்கும் எச்-மோடுக்கு மாறும் தருணத்தில் மண்டல ஓட்டமும் (கொந்தளிப்பே உண்டாக்கும் சுழற்சி ஓட்டம்) கொந்தளிப்பும் ஒன்றையொன்று துரத்துவதை டி-3-டி-யில் இதைக் கொண்டுதான் பார்த்து 2012-இல் வெளியிட்டார்கள். அந்த இடத்தில் அந்த நேரக் கூர்மை கிடைத்தது பெரிய விஷயம்.

நேரக் கூர்மையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜியோடெசிக் ஒலி அலை என்ற ஊசலாடும் ஓட்டம், எலக்ட்ரான் வெப்பநிலை 500 எலக்ட்ரான்வோல்ட், பெரு ஆரம் 1.67 மீட்டர் என்றால் சுமார் 20 கிலோஹெர்ட்ஸில் வேகத்தை ஆட்டும். 256 மாதிரி நீளத் தரவுத் துண்டுகளில் ஃபூரியர் எடுத்தால் ஒவ்வொன்றும் 25.6 மைக்ரோநொடி, ஒன்றின் மேல் ஒன்று படியாமல் நகர்த்தினால் 19.5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தெரியாது. தேடுகிற முகடு விளிம்பைத் தாண்டி மடிந்து வேறு இடத்தில் தெரியும். 128 மாதிரிக்குக் குறைத்துப் பாதியளவு படியவிட்டால் சரியாகிவிடும். அதிர்வெண் பிரிவு 78 கிலோஹெர்ட்ஸாகக் கரடுமுரடானாலும் முகட்டின் எடைமையத்தை எடுப்பதால் பாதிப்பு இல்லை.

அளந்த வேகத்தில் பிளாஸ்மாவின் மின்புல ஓட்டமும் கொந்தளிப்பின் சொந்தக் கட்டவேகமும் சேர்ந்தே இருக்கின்றன. நியூட்ரல் பீம் (வேகமான நடுநிலை அணுக்களின் கற்றை) சுழற்றும் பிளாஸ்மாவில் முதலாவது மிகப் பெரியது, இரண்டாவதை விட்டுவிடலாம். தன் மின்னோட்டத்தால் மட்டும் சூடாகும் ஓமிக் பிளாஸ்மாவில் இரண்டும் ஏறத்தாழச் சமம் ஆகலாம். அங்கே மின்புலம் என்று தலைப்பிடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

வீச்சுக்கு வருவோம். கொந்தளிப்பு வலுவாகும்போது சிதறல் திறன் அதன் இருமடிக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. ஒரு கட்டத்தில் தேங்குகிறது. அலையின் மின்புலம் காந்தப்புலத்துக்குச் செங்குத்தாக இருக்கும் எக்ஸ்-மோடில் இது ஓ-மோடை விட முன்னதாகவே வந்துவிடுகிறது. ஒரே பிளாஸ்மாவை இரண்டு மோடிலும் அளந்தால் எக்ஸ்-மோடின் நிறமாலை தட்டையாகத் தெரிவதை ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேட் டோகமாக்கில் பார்த்திருக்கிறார்கள். அலைச் சமன்பாட்டைக் கணினியில் முழுதாகத் தீர்க்கும் முழு அலைக் கணக்கீடும் அதை உறுதி செய்தது. ஆகவே சிமுலேஷனோடு ஒப்பிட விரும்புகிறவர் சிமுலேஷனின் அடர்த்திப் படத்தை முழு அலைக் கணக்குக்குள் போட்டு, கருவி என்ன பார்த்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். நேரடியாகச் சதவீதத்தோடு சதவீதம் ஒப்பிடுவது வீண் வேலை.

கோள டோகமாக்கில் வீச்சு இன்னும் சிக்கல். கற்றை காந்தப்புலத்துக்குச் செங்குத்தாகப் போனால்தான் பின்சிதறல் முழுதாக வரும். சாதாரண டோகமாக்கின் விளிம்பில் புலத்தின் சாய்வு சுமார் 10 பாகை. மாஸ்ட் போன்றவற்றின் வெளிப்பக்கத்தில் 35 பாகை வரை போகும், உள்ளே போகப் போக வேகமாக மாறும். ஒரு சேனலுக்குச் சரியாகத் திருப்பினால் அடுத்தது பிசகும். 16 சேனலையும் ஒரே ஷாட்டில் சரி செய்ய முடியாது. அதனால் அங்கே இரு திசையிலும் திருப்பக்கூடிய கண்ணாடி அவசியம். பல ஷாட்களில் கோணத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். பிசகினால் எவ்வளவு குறையும் என்பதைக் கற்றை வடிவத்திலிருந்து கணக்கிடும் ஸ்காட்டி என்ற திறந்த நிரல் இருக்கிறது. ஹால்-சென் குழுவின் 2022 ஆய்வின் மேல் எழுந்தது. அதை ஓட்டத் தெரிந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் கோள டோகமாக்கில் வீச்சை வெளியிடாமல் இருப்பதே நல்லது.

மற்றவற்றோடு

பெரிய சுழல்கள்தான் வேண்டும் என்றால் எலக்ட்ரான் சைக்ளோட்ரான் உமிழ்வை (காந்தப்புலத்தில் சுழலும் எலக்ட்ரான்கள் வெளியிடும் மைக்ரோவேவை) இரண்டு அருகருகான சேனல்களில் எடுத்து ஒப்பிடும் முறை இருக்கிறது. அது வெப்பநிலை ஏற்ற இறக்கத்தைச் சதவீதமாகவே தரும்; டிபிஎஸ் தராத ஒன்று. விலை பொறுமை. 100 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) பட்டை, 1 மெகாஹெர்ட்ஸ் வீடியோ பட்டை என்றால் ஒரு சேனலின் வெப்ப இரைச்சலே 14 சதவீதம். தேடுவதோ 1 சதவீதம். நீண்ட நேரம் நிலையாக இருக்கும் பிளாஸ்மாவில் தொடர்புபடுத்திச் சராசரி எடுத்தால்தான் வெளியே வரும். நொடிப்பொழுதில் மாறும் நிகழ்வுகளுக்கு அது உதவாது. எலக்ட்ரான் அளவுச் சிறு சுழல்களுக்கு அமெரிக்காவின் என்எஸ்டிஎக்ஸ் கோள டோகமாக்கில் வைத்த 280 கிகாஹெர்ட்ஸ் சிதறல் கருவி போன்றது வேண்டும். அது தனி உலகம், தனிப் போர்ட், தனிச் செலவு.

இந்தியாவில் காந்திநகரின் ஆதித்யா-யு அளவுள்ள கருவிக்கு இது பொருந்துமா? பெரு ஆரம் 75 செ.மீ., சிறு ஆரம் 25 செ.மீ. அங்கே 26.5–40 கிகாஹெர்ட்ஸ் கே-ஏ பேண்ட் ஓ-மோடில் 0.87 முதல் 2×10¹⁹ வரை தொடும், அடர்த்திக்குப் பொருத்தம்தான். வளைவுதான் தடை. ρ 20 செ.மீ. என்றால் 33 கிகாஹெர்ட்ஸில் மிகச் சிறந்த ஆரம் 1.7 செ.மீ., அலை எண் பட்டை 2.35 செ.மீ.⁻¹. பார்க்க விரும்பும் அலை எண்ணே 3 முதல் 5 வரை. நிறமாலை வேண்டாம், சுழற்சி வேகமும் அதன் திசை மாற்றமும் போதும் என்றால் இரண்டு சேனல் வைத்து நல்ல அறிவியல் செய்யலாம். நிறமாலையின் வடிவத்தை ஆராயச் சிறிய டோகமாக் ஏற்ற இடமல்ல.

கருவி வந்து இறங்கியதும் பிளாஸ்மாவுக்குக் காத்திராமல் மேசையில் சோதிக்க வேண்டும். அலுமினியத் தகட்டில் 14.4 மி.மீ. இடைவெளியில் பள்ளங்கள் வெட்டி, நேர்க்கோட்டில் நகரும் மேடையில் பொருத்தி, கற்றையின் மிகக் குறுகிய இடத்தில் வையுங்கள். 60 கிகாஹெர்ட்ஸில் 10 பாகைச் சாய்வில் சிக்னல் உச்சம் காட்டும். தகட்டை நொடிக்கு 10 செ.மீ. நகர்த்தினால் 6.9 ஹெர்ட்ஸ் நகர்வு, 30 செ.மீ. ஓட்டத்தில் இருபது சுழற்சி கிடைக்கும். திசையை மாற்றினால் குறி மாற வேண்டும். சுழலும் பள்ளச் சக்கரம் வசதியாகத் தோன்றும், ஆனால் 30 செ.மீ. விட்டச் சக்கரத்தின் வளைவே அலை எண் பட்டையை 5 செ.மீ.⁻¹ அளவுக்கு விரித்துவிடும்; சோதிக்க வேண்டிய கூர்மை அதிலேயே கரைந்துவிடும். சுற்றிலும் நுரை உறிஞ்சிகள் வைக்க வேண்டும். வீடியோ பெருக்கியில் 1 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் மின்தேக்கி இருந்தால் இந்தச் சோதனையில் எதுவுமே தெரியாது. அதைத் தாண்டிச் செல்லும் டிசி வழி ஒன்றை ஆர்டரிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள். எட்டுச் சேனலுக்கும் இதே தகட்டைக் கோணம் மாற்றி மாற்றி வைத்து எடுத்த உச்ச மதிப்புகள்தான், பிறகு ஜன்னலின் ஏற்ற இறக்கத்தோடு சேர்த்து, சேனலுக்குச் சேனல் வீச்சை ஒப்பிடும் திருத்த அட்டவணை ஆகும்.